பழுது மேசை: உதிரி அலகை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என்னிடம் 11 வருடமாக ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. லைனர் லாக் வகை. தோட்ட வேலை, கயிறு அறுப்பது, அட்டைப்பெட்டி பிரிப்பது எல்லாம் அதில்தான். வாங்கிய இரண்டாம் வருடம் அதே மாடலின் உதிரி அலகு ஒன்று கிடைத்தது. வாங்கி வைத்தேன், இதுவரை மாட்டிப் பார்த்ததில்லை. கத்தியில் இருப்பது ஏயுஎஸ்-8 ஸ்டீல், உதிரி டி2 ஸ்டீல். அந்த மாடலை இப்போது தயாரிப்பதில்லை. அதே கத்தி வைத்திருக்கும் ஒருவர், தன்னுடையது முனை ஒடிந்துவிட்டது, அலகைக் கொடுப்பீர்களா என்று கேட்கிறார். கொடுத்துவிட்டு ஒருநாள் வருத்தப்படுவேனோ என்று தயங்குகிறேன். விற்பதாக இருந்தால் சாணை பிடித்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கலாமா? இன்னொன்று: கொஞ்ச நாளாகக் கத்தியைத் திறந்தால் பூட்டுத் தகடு முன்பைவிட அதிகம் நகர்ந்து, எதிர்ப்பக்கத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. - பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: 'இன்னொன்று' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். விற்பதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

லைனர் லாக் கத்தியின் பிடிக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அதில் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, உட்பக்கமாக லேசாக வளைத்துவிட்டிருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்த வளைந்த தகடு ஸ்பிரிங் போலப் பாய்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றுகொள்ளும். இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் இதை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். எளிமையான பூட்டு, நல்ல பூட்டு. ஆனால் ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை திறக்கும்போது தகட்டின் நுனியும் அலகின் அடியும் ஒன்றையொன்று உரசித் தேயும். தேயத் தேயத் தகடு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே நகரும். அலகின் தடிமனில் கால் பாகத்திலிருந்து பாதி வரை தகடு நின்றால் நான் கவலைப்பட மாட்டேன். எதிர்ப்பக்கத் தகட்டைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கத்தியை அழுத்தமான வேலைக்குக் கொடுக்க மாட்டேன். அதற்குமேல் நகர இடம் இல்லை. அடுத்து அலகு ஆட ஆரம்பிக்கும், ஆடும் அலகு எப்போது மடங்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை, உதிரி அலகை உங்கள் பிடியில் மாட்டிப் பார்ப்பது. ஒன்பது வருடமாக அதைச் செய்யாமல் இருந்திருக்கிறீர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. உதிரிப் பொருள் வைத்திருக்கும் பலரும் பொட்டலம் பிரியாமல் இருப்பதைத்தான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் மாட்டிப் பார்க்காத அலகு உங்கள் கத்திக்கு உதிரி என்று சொல்லவே முடியாது. அது இப்போதைக்கு உதிரி போலத் தெரியும் ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னிடமிருந்த ஓர் உதிரி அலகை, மாடல் பெயர் ஒன்றுதானே என்று நம்பி ஒருவருக்கு விற்றேன். அவரும் மாட்டினார், திறந்தது, மூடியது. இரண்டாம் நாள் தடியான பிளாஸ்டிக் பட்டையை அறுக்கும்போது அலகின் முதுகில் கொஞ்சம் பாரம் விழுந்தது. பூட்டு வழுக்கி, அலகு அவர் ஆட்காட்டி விரல்மேல் மடங்கியது. நான்கு தையல். பிறகு அவர் கத்தியைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் பார்த்தேன்: அந்த மாடலின் பிந்தைய தயாரிப்பில் அலகின் அடிச் சரிவைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். கண்ணுக்கு அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் தெரியவில்லை. அந்த விரலை நான் மறக்கவில்லை.

மாட்டிப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். இரண்டு அலகின் கூர்ப்பக்கத்திலும் முதலில் தடியான டேப் ஒட்டிவிடுங்கள். வெளிச்சமான மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவையாக இருக்கும்; பெரும்பாலும் டி6, டி8 அளவு. அளவு சரியாகப் பொருந்தாத பிட்டைப் போட்டுத் திருகாதீர்கள், தலை வழுக்கிவிட்டால் பிறகு அழுகைதான். திருகு அசையவில்லை என்றால் உள்ளே பசை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்; சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம் எது இருந்தது என்று பிற்பாடு ஞாபகம் வராது.

உதிரி அலகை வைப்பதற்கு முன்னால், அதன் அடியில் தகடு வந்து முட்டும் முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசுங்கள். பிறகு மாட்டி, பிவட் திருகை, அதாவது அலகு சுழலும் அச்சில் இருக்கும் திருகை, அலகு ஆடாத அளவுக்கு மட்டும் முறுக்கி, பத்துத் தடவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். மறுபடி கழற்றிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தகடு தொடுகிறது. பிவட்டிலிருந்து தள்ளி, முகத்தின் கீழ்ப்பக்கமாக, ஒரே சீராக ஒரு பட்டை போல அழிந்திருந்தால் நல்ல பொருத்தம். ஒரு மூலையில் புள்ளியாக மட்டும் அழிந்திருந்தால் அது நம்பிக் கை வைக்கக்கூடிய பூட்டு இல்லை. மாட்டியிருக்கும்போதே இன்னும் மூன்று விஷயம் பாருங்கள்: திறந்த அலகை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, மூடிய அலகு தலைகீழாகப் பிடித்து உதறினாலும் தானாகத் திறக்கக் கூடாது, மூடும்போது கூர் உள்ளே எதிலும் இடிக்கக் கூடாது. இடித்தால் டேப்பில் ஒரு வெட்டு விழுந்திருக்கும், அதுவே சாட்சி.

இப்போது தகட்டைப் பாருங்கள். பழைய அலகோடு முக்கால் பாகம் நகர்ந்த தகடு, புதிய அலகோடு மூன்றில் ஒரு பாகத்தில் நின்றுவிட்டதா? அப்படியென்றால் என் பதில் ஒரே சொல்: வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வது மட்டுமில்லை, அதையே கத்தியில் மாட்டிப் புழங்குங்கள். தேய்ந்தது பழைய அலகின் அடியா, இல்லை புதியது பிறவியிலேயே ஒரு மயிரிழை தடிமனாக வந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. உங்கள் கத்திக்கு இன்னொரு ஆயுள் கிடைத்திருக்கிறது, மாடலும் நின்றுபோய்விட்டது. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

புதிய அலகோடும் தகடு அதே முக்கால் பாகத்தில்தான் நிற்கிறது என்றால் கதை வேறு. தேய்ந்தது தகடு. என் கணிப்பில் உங்களுக்கு இதுதான் வரும். காரணம், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் அலகு 58, 60 என்று கடினமாக இருக்கும். தகடு அதைவிட நன்றாக மென்மையானது. கடினமும் மென்மையும் உரசினால் பெரும்பாலும் மென்மையானதுதான் கரையும். அந்தத் தேய்மானத்துக்கு உதிரி அலகு மருந்து இல்லை. அலகு திறந்ததும் முட்டி நிற்கும் ஸ்டாப் பின்னை ஒரு மயிரிழை பெரிதாக மாற்றினால் அலகு சற்று முன்னதாகவே நின்று, தகடும் பின்வாங்கி நிற்கும். அது ஒரு நல்ல பழுதுபார்ப்பவர் செய்யக்கூடிய வேலை. உங்கள் சேமிப்பை அதற்குச் செலவழியுங்கள்.

'அலகே தேய்ந்துபோனால்?' என்ற பயம் இருக்கும். அதையும் அளந்து பார்த்துவிடலாம். அளக்கும் கோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. சாணையே காணாத அதே வடிவ அலகு உங்களிடம் இருக்கிறதே! அதை ஒரு தாளில் வைத்து, கூரான பென்சிலால் சுற்றி வரையுங்கள். அதன்மேல் பழைய அலகை, பிவட் துளையும் முதுகும் பொருந்துமாறு வைத்து மறுபடி வரையுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் தெரிவதுதான் 11 வருடத்தில் நீங்கள் சாணைக்கல்லுக்குக் கொடுத்தது. ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 3 மில்லிமீட்டர் போகும்வரை அந்த அலகு ஒழுங்காக வேலை செய்யும் என்றால், இதே புழக்கத்தில் 22 வருடம் இருக்கிறது. என் மேசைக்கு வந்த மடக்குக் கத்திகளில், வீட்டுப் புழக்கத்தில் அலகு தேய்ந்து செத்தவை குறைவு. பூட்டு தளர்ந்து, பிவட் ஆட்டம் கண்டு, முனையை நெம்புகோலாக்கி ஒடித்து வந்தவைதான் அதிகம். மாறாக, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நீங்கள் சொரசொரப்பான கல்லில் அடிக்கடி தேய்ப்பவர். உங்களுக்கு உதிரி அலகு கட்டாயம் தேவை.

ஸ்டீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி2 என்றதும் உயர்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு. கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மை. அதில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். உங்கள் ஏயுஎஸ்-8-இல் கார்பன் அதில் பாதிதான், குரோமியம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல 10.5 சதவீதம் குரோமியம் போதும் என்பார்கள். அந்தக் கணக்கில் டி2-வும் தேற வேண்டும். ஆனால் டி2-இல் குரோமியத்தின் பெரும் பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான மணிகளாக இறுகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த மணிகள்தான் கூரைக் காக்கின்றன, அதே மணிகள்தான் துருவுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. பச்சைத் தண்டின் சாறும் ஈர மண்ணும் படுகிற தோட்ட வேலைக்கு, தினமும் துடைக்கும் பழக்கம் இல்லாவிட்டால், நான் ஏயுஎஸ்-8-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். கல்லில் பத்து நிமிடத்தில் கூர் வந்துவிடும். டி2-வுக்கு அரை மணி நேரமும் நல்ல கல்லும் வேண்டும்.

ஆக, புதிய அலகோடும் தகடு நிற்கும் இடம் மாறவில்லை, பழைய அலகும் அதிகம் தேயவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் அது இன்னும் இருபது வருடம் தூங்கும். ஒடிந்த கத்தியோடு ஒருவர் இப்போது காத்திருக்கிறார். அந்த மாடலும் வருவதில்லை என்பதால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. உங்களுக்கு அது வருங்காலப் பயம், அவருக்கு இன்றைய தேவை. ஒருவேளை உங்கள் அலகும் ஒருநாள் ஒடிந்தால்? முனை ஒடிந்த அலகைப் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து தேய்த்து, சற்றுக் குட்டையான புது முனை கொண்டுவந்துவிட முடியும். இதை உங்களிடம் கேட்பவருக்கும் சொல்லுங்கள். அவருடையது முனையில் 3, 4 மில்லிமீட்டர் மட்டும் போயிருந்தால் உங்கள் அலகு அவருக்கே தேவைப்படாமல் போகலாம். வியாபாரம் கெடுமே என்று இதை மறைக்காதீர்கள்.

விற்பதற்கு முன் சாணை வேண்டவே வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த கூரோடு, கீறல் இல்லாமல் இருக்கும் அலகுக்குத்தான் மதிப்பு. நீங்கள் வைக்கும் கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்குபவர் கண்ணுக்கு அது 'பயன்படுத்தியது' ஆகிவிடும். பழைய எண்ணெயைத் துடைத்து, மையை ஸ்பிரிட்டால் நீக்கினால் போதும். மையை எதற்குப் பூசினீர்கள், உங்கள் பிடியில் எப்படிப் பொருந்தியது என்பதை அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பிடியில் பொருந்தியது அவர் பிடியிலும் பொருந்தும் என்று உறுதி கொடுக்காதீர்கள். இந்தப் பூட்டில் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அலகுக்குத் தக்கபடி இழைத்திருப்பார்கள். முடிந்தால் அவரது பிடியைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் எதிரில் மாட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால், பொருந்தவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து விற்பதுதான் நியாயம். அனுப்பும்போது கூர்ப்பக்கத்தை இரண்டாக மடித்த தடித்த அட்டைக்குள் செருகி, அட்டையைச் சுற்றி டேப் போடுங்கள். அலகின்மேல் நேராக வேண்டாம். பூட்டு வைத்த கத்தி பற்றிய சட்டமும், கூர்ப்பொருளைப் பார்சலில் அனுப்பும் விதியும் இடத்துக்கு இடம் மாறுபடும். இரண்டு பக்கத்து விதியையும் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவானால், பழைய அலகுதான் இனி உங்கள் உதிரி. அதைத் தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள். நான் ஒரு டி2 அலகை அழகான தோல் உறையில் வைத்து மூன்று வருடம் மறந்திருந்தேன். எடுத்தபோது முகம் பளபளவென்று இருந்தது, சந்தோஷப்பட்டேன். வெளிச்சத்தில் சாய்த்தபோது பிவட் துளையைச் சுற்றி ஊசி முனையால் குத்தியதுபோல் வரிசையாகக் கரும்புள்ளிகள். விரல் நகத்தால் தடவினால் ஒவ்வொன்றிலும் நகம் இடறியது. வாஷர் வழுக்கிச் சுழல வேண்டிய இடம் அது. மேலே தெரியும் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. அந்த அலகு அதன்பிறகு ஒருபோதும் மென்மையாகத் திறக்கவில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த ரசாயனங்களும் அதில் மிச்சம் இருக்கும். மினரல் ஆயில் மெல்லியதாகத் தடவி, துரு தடுக்கும் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், முக்கியமாகத் துளையின் ஓரத்தை.

கேள்வி: தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி. அலகு தேய்ந்து பாதி அகலம் ஆகிவிட்டது, கூர் வைத்தாலும் சரியாக வெட்டுவதில்லை. உதிரி அலகு வாங்கி மாட்டலாமா? திருகு எங்கும் தெரியவில்லை. - ஒரு வாசகி

பதில்: திருகு இல்லை என்றால் ரிவெட் ஆணி அடித்து இறுக்கிய கத்தி. 1890 முதல் வரும் ஒபினெல் கத்தியும், விக்டரினாக்ஸின் சுவிஸ் ராணுவக் கத்தியும்கூட இப்படித்தான். வீட்டில் அலகு மாற்றுவதற்காகச் செய்தவை அல்ல. ஆணியின் தலையை அராவி எடுத்து, புது ஆணி போட்டு, பிடி வெடிக்காமல் அடித்துப் பரப்ப வேண்டும். பழைய பிடியில் நான் இதைத் தயங்கித் தயங்கித்தான் செய்வேன்.

ஆனால் உங்கள் குறை வேறு என்று நினைக்கிறேன். அலகு முதுகில் தடித்தும் கூரில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். தேயத் தேயக் கூர் முதுகை நோக்கி ஏறுகிறது, அதாவது தடித்த இடத்துக்கு வருகிறது. அதனால்தான் கூர் வைத்தும் வெட்டாமல் பிளக்கிறது. கூருக்கு மேலே இரண்டு கன்னத்தையும் தட்டையான கல்லில் படுக்கவைத்து மெலிய வைத்தால் அந்த அலகே மறுபடி வெட்டும். மின்சாணையில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வெறுங்கையால் பிடிக்க முடியாத சூடு வருவதற்கு முன் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். பழைய கார்பன் எஃகின் பதம் 200 டிகிரியை ஒட்டி வைத்தது. ஓரம் நீலம் பாரித்துவிட்டால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது. அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. உங்கள் தாத்தா தேய்த்துத் தேய்த்து வைத்த அந்த வளைவைக் கல்லில் கையாலேயே மெலிய வையுங்கள். இரண்டு சாயங்காலம் ஆகும்.

கேள்வி: உதிரியாக இருக்கும் மடக்குக் கத்தி அலகுக்குக் கட்டைப் பிடி போட்டு, மடங்காத கத்தியாக மாற்றலாமா? - ஒரு மாணவர்

பதில்: வேண்டாம். மடங்காத கத்தியின் அலகு பிடிக்குள் நீளமாக ஓடும். நாம் அழுத்தும் பாரத்தை அந்த நீளம்தான் தாங்குகிறது. மடக்குக் கத்தி அலகில் கூர் முடிந்த இடத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் மிச்சம், அதன் நடுவிலும் பிவட் துளை. பசை போட்டு ஒட்டினாலும் அந்தத் துளை இருக்கும் இடத்தில்தான் முறியும், முறியும்போது உங்கள் கை அதற்கு நேர் பின்னால் இருக்கும். பிடி செய்யும் ஆசை நல்ல ஆசை. அதற்கென்றே நீண்ட அடிப்பகுதியோடு, பிடி போடாத அலகுகள் விற்கிறார்கள், அதில் தொடங்குங்கள்.